யூனியன்காரன் மூடின சுரங்கமா? அட போங்க சார்!

இந்தப் பதிவு கொஞ்சம் சூடா இருக்கும். வழக்கமா நான் எழுதற மழை, குளிர், இட்லி மாவு புளிக்காத சோகம் எல்லாம் இதுல இல்லை. அதுக்காக வந்தவங்க அடுத்த வாரம் வாங்க.

விஷயம் என்னன்னா, இந்த வருஷப் பொங்கல் விழா. எங்க ஊர் (கார்டிஃப்னு படிக்கவும்) தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு ஹால் வாடகைக்கு எடுத்து, கோலம் போட்டு, கரும்புக்குப் பதிலா மூங்கில் மாதிரி ஏதோ ஒண்ணை நட்டு, சந்தோஷமா சாப்பிட்டுட்டு இருந்தோம். பசங்க ஒரு மூலையில 'கேஜிஎஃப்' படத்து வசனம் பேசிக்கிட்டிருந்தாங்க. அப்போ என் பொண்ணு சும்மா இருக்காம, "எங்க அப்பாவோட தாத்தா நிஜமாவே அங்க வேலை செஞ்சாரு"ன்னு சொல்லிட்டா.

பக்கத்துல ஒரு அண்ணன். பெரிய வேலையில இருக்கறவர். கெட்டவர் இல்லை, நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல வீடு பார்த்துக் கொடுத்து, அரிசி எங்கே கிடைக்கும்னு காட்டினவரே அவர்தான். அவர் சொன்னார்: "அடடே, அந்தச் சுரங்கமா? யூனியன்காரங்க ஸ்ட்ரைக் பண்ணிப் பண்ணியே இழுத்து மூடிட்டானுங்களே! இங்க வேல்ஸ்லயும் அதே கதைதான் தம்பி. வேலை செய்யாம கொடி பிடிச்சா எந்தச் சுரங்கம் உருப்படும்?"

சுத்தி இருந்த நாலு பேர் தலையாட்டினாங்க. நானும் வெண்பொங்கலை முழுங்கிட்டுப் பேசாம வந்துட்டேன். அன்னிக்கு வாயை மூடிட்டு வந்ததுக்குப் பிராயச்சித்தம் இது. அண்ணே, நீங்க படிப்பீங்கன்னு தெரியும். படிங்க.

முதல்ல என் ஜாதகம். சொந்த ஊர் சித்தூருக்கும் பலமநேருக்கும் நடுவுல ஒரு கிராமம். வளர்ந்தது திருப்பதி. படிச்சது தெலுங்கு மீடியம். தமிழ் எழுதக் கத்துக்கொடுத்தது தாத்தா. (பிழை இருந்தா என்னைத் திட்டுங்க, அவரை விட்டுடுங்க.) தாத்தா தங்கவயல்ல சுரங்கத்துக்குள்ள இறங்கி வேலை செஞ்சவர். அவங்க அப்பாவும் அதே வேலைதான். ஆனா திருப்பதியில எங்க வீட்டுல இதை வெளியே சொல்லக்கூடாது. வாடகைக்கு வீடு தேடும்போது நைனா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம்: "எந்த ஊருன்னு கேட்டா சித்தூர்னு சொல்லு. மைன்ஸ்னு வாயைத் தொறக்காதே." ஏன்னு கேட்டா பதில் வராது. பெரியவன் ஆனப்புறம்தான் புரிஞ்சுது. மைன்ஸ்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன சாதின்னு தேவையே இல்லை, கேக்கறவனுக்கே தெரிஞ்சுடும்.

கோலார் தங்கவயல் கர்நாடகாவுல இருக்குன்னாலும், அங்க பாறையை உடைச்ச கைகள்ல பெரும்பகுதி தமிழ்க் கைகள். 1880கள்ல ஜான் டெய்லர் கம்பெனி வேலையை ஆரம்பிச்சப்போ, வட ஆற்காடு, சேலம் பக்கத்துல இருந்து குடும்பம் குடும்பமா வந்தாங்க. எங்க சித்தூரே அப்போ வட ஆற்காட்டுலதான் இருந்துச்சு, 1911லதான் தனி மாவட்டம். வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க தலித் மக்கள். பஞ்சம் ஒரு பக்கம், பண்ணையாள் வாழ்க்கை ஒரு பக்கம் துரத்த, பூமிக்கு மேல இடம் இல்லாதவங்க பூமிக்குக் கீழே போனாங்க. அவ்வளவுதான் கதை.

கீழேன்னா எவ்வளவு கீழே? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். உலகத்துலேயே ஆழமான சுரங்கங்கள்ல ஒண்ணு. கை வெச்சா சுடற பாறை. அழுத்தம் தாங்காம பாறை குண்டு மாதிரி வெடிக்கும். தூசி நுரையீரல்ல படிஞ்சு சிலிகோசிஸ் வரும். 1902லேயே சிவனசமுத்திரத்துல இருந்து கரண்ட் இழுத்துக் கொண்டுவந்த பெருமை உள்ள ஊர் அது. அதே ஊர்ல தொழிலாளிக்குக் கிடைச்சது மூங்கில் தட்டி வெச்சு அடைச்ச லைன் வீடு.

இதுக்கு மேல ஒரு அவமானம் உண்டு. சுரங்கத்துக்குள்ள போற ஒவ்வொருத்தனும் திருடனா இருக்கலாம்ங்கறதுதான் கம்பெனியோட ஆரம்பப் புள்ளி. வெளியே வந்தா உடம்பு சோதனை. தங்கத் திருட்டுக்குன்னே தனிச் சட்டம்.

இப்ப வரேன் ஸ்ட்ரைக்குக்கு.

1930. தொழிலாளிங்க எல்லாரும் விரல் ரேகை பதிவு பண்ணணும்னு உத்தரவு வருது. அந்தக் காலத்துல விரல் ரேகை எங்கே எடுப்பாங்க? போலீஸ் ஸ்டேஷன்ல. யாருக்கு? குற்றவாளிக்கு. ஒரு சுரங்கத்துல சண்டை போட்டு வெளியே வந்தவன் பேரை மாத்திக்கிட்டு இன்னொரு சுரங்கத்துல பிழைச்சுக்கற வழியும் அதோட அடைஞ்சு போகும். ஜனங்க "முடியாது"ன்னுட்டாங்க. 21 நாள் வேலைநிறுத்தம். தாத்தா அப்போ சின்னப் பையன். அவர் சொன்னதுல எனக்கு மறக்காதது இதுதான்: "காலையில சங்கு ஊதுச்சுடா. எப்பவும் போல ஊதுச்சு. ஒருத்தனும் போகலை. சங்கு ஊதியும் ஊர் அசையாம இருந்ததை அன்னிக்குத்தான் பார்த்தேன்."

அண்ணே, இங்க கொஞ்சம் நில்லுங்க. "யூனியன்காரன்"னு சொன்னீங்களே, 1930ல அங்க யூனியனுக்குச் சட்டமே கிடையாது. பிரிட்டிஷ் இந்தியாவுல 1926ல தொழிற்சங்கச் சட்டம் வந்துடுச்சு. தங்கவயல் இருந்தது மைசூர் சமஸ்தானத்துல. அங்க தொழிலாளர் சட்டம் வர 1942 ஆச்சு. அதாவது தூண்டிவிட சட்டப்படி ஒரு சங்கம் இல்லாமலேயே, படிப்பறிவு இல்லைன்னு நாம நினைக்கற ஆயிரக்கணக்கான ஜனங்க, "நாங்க திருடங்க இல்லை"ன்னு சொல்ல 21 நாள் கூலியை விட்டாங்க.

படிப்பறிவு இல்லைன்னு நினைக்கறதும் நம்ம அறியாமைதான். அயோத்திதாசப் பண்டிதரோட பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்துல கிளை இருந்துச்சு. சாம்பியன் ரீஃப்ல இருந்து சித்தார்த்தா புத்தகசாலை தமிழ்ப் புத்தகங்கள் போட்டுச்சு. அப்பாதுரையார் 1926ல 'தமிழன்' பத்திரிகையை மறுபடி அங்கிருந்துதான் நடத்தினார். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பத்திரிகை படிச்ச கூட்டம் சார் அது. எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த தாத்தாவுக்கு எழுத்து எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா?

அடுத்தது 1946. இந்தத் தடவை கம்யூனிஸ்ட் தலைவர் கே.எஸ். வாசன் மாதிரி ஆளுங்க வந்து சங்கம் உறுதியா நின்ன காலம். நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் சுட்டதுல ஆறு தொழிலாளிங்க செத்தாங்க. நாடு சுதந்திரம் வாங்க இன்னும் ஒன்பது மாசம்தான் பாக்கி. ஜாலியன்வாலாபாக் நம்ம பசங்களுக்குத் தெரியும், தெரியணும். இந்த ஆறு பேரைத் தெரிஞ்சவங்க நம்ம ஹால்ல எத்தனை பேர்? பக்கத்து ஊர்க்காரன் நானே முப்பது வயசுக்கு மேலதான் தெரிஞ்சுக்கிட்டேன். வெட்கமாத்தான் இருக்கு.

சரி, "மூடினது யூனியன்"ங்கற பெரிய குற்றச்சாட்டு.

சுரங்கம் 1956ல நாட்டுடைமை ஆச்சு. 1972ல பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனி. மூடினது 2001 பிப்ரவரி 28. ஆரம்ப காலத்துல ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல தங்கம் கிடைச்ச இடத்துல, கடைசியில மூணு நாலு கிராம். இந்த மூணு கிராமுக்கு மூணு கிலோமீட்டர் கீழே போகணும், அங்க காத்து அனுப்பணும், தண்ணி இறைக்கணும். போதாக்குறைக்கு நாட்டுடைமைக்கு அப்புறம் பல வருஷம் அரசாங்கம் தங்கத்தை உள்ளூர்ச் சந்தை விலைக்கு எடுக்கலை, அதைவிட ரொம்பக் குறைஞ்ச சர்வதேச நிர்ணய விலைக்கு எடுத்துக்கிச்சு. நகைக்கடையில ஒரு விலை, சுரங்கத்துக்கு ஒரு விலை. அப்புறம் "நஷ்டம், நஷ்டம்"னா எப்படி? மூடின வருஷம் உலகச் சந்தையில தங்கம் பாதாளத்துல கிடந்துச்சு, அவுன்ஸ் 300 டாலர்கூட இல்லை. இன்னிக்குப் பத்து கிராம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிப் போயாச்சு. பாறையில தங்கம் குறைஞ்சதுக்கும் லண்டன்ல விலை விழுந்ததுக்கும் கொடி பிடிச்சவன் என்ன பண்ணுவான்?

நியாயமா ஒண்ணு ஒத்துக்கறேன். சங்கங்கள் கட்சிக் கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிட்டது உண்மை. சிவப்பு, நீலம், கறுப்பு சிவப்புன்னு ஒரே லைன்ல நாலு கொடி. கடைசிக் காலத்துல எல்லாரும் ஒண்ணா நின்னிருந்தா இன்னும் நல்ல நஷ்ட ஈடாவது வாங்கியிருக்கலாம்னு எனக்கும் ஆதங்கம் உண்டு. ஆனா அது ஒத்துமை போதலைங்கற குறை. ஸ்ட்ரைக் அதிகமாச்சுங்கற குறை இல்லை.

இப்போ வேல்ஸ். நம்ம அண்ணன் இருபது வருஷமா இருக்கற ஊராச்சே!

1984 மார்ச்ல ஸ்ட்ரைக் ஆரம்பிச்சப்போ தெற்கு வேல்ஸ்ல 28 நிலக்கரிச் சுரங்கம். ஒரு வருஷம் கழிச்சு 1985 மார்ச்ல தோத்துத் திரும்பினாங்க. மெர்டி கிராமத்துல பேண்டு வாத்தியத்தோட, கொடியைத் தூக்கிக்கிட்டு வேலைக்குத் திரும்பின ஊர்வலத்தை இன்னிக்கும் இங்க பேசறாங்க. பத்தே வருஷத்துல கிட்டத்தட்ட எல்லாச் சுரங்கமும் போச்சு. "பார்த்தியா, ஸ்ட்ரைக் பண்ணதால போச்சு"ம்பீங்க. அப்போ நாட்டிங்ஹாம்ஷயர் கதையையும் சொல்லுங்க. அங்க பெரும்பாலான தொழிலாளிங்க ஸ்ட்ரைக்ல சேராம வேலைக்குப் போனாங்க, தனிச் சங்கமே வெச்சாங்க. அந்தச் சுரங்கம் எல்லாம் ஜாம் ஜாம்னு ஓடுதா? அதுவும் மூடியாச்சு. கடைசியா மிச்சம் இருந்த தோர்ஸ்பியும் 2015ல போச்சு. கொடி பிடிச்சவனுக்கும் பூட்டு, கும்பிடு போட்டவனுக்கும் அதே பூட்டு. அப்போ பூட்டினது யாரு?

இன்னொண்ணு. 'டவர்' சுரங்கம். கார்டிஃப்ல இருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. லாபம் வராதுன்னு 1994ல மூடினாங்க. டைரோன் ஓ'சலிவன்கற யூனியன் தலைவர் தலைமையில 239 தொழிலாளிங்க ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு அதை வாங்கினாங்க. 1995ல திறந்து, கரி தீர்ற வரைக்கும் 2008 வரை அவங்களே நடத்தினாங்க. "சோம்பேறி யூனியன்காரன்" முதலாளியா மாறினதும் பதிமூணு வருஷம் சுரங்கம் ஓடுச்சு!

தங்கவயல் தொழிலாளிங்களும் இதையேதான் கேட்டாங்க. "எங்க கிட்ட கொடுங்க, சொசைட்டி வெச்சு நடத்தறோம்"னாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போச்சு. 2013ல உலக டெண்டர் விட்டுக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு. இன்னிவரைக்கும் அந்த ஷாஃப்ட்ல கேஜ் இறங்கலை, தண்ணி நிக்குது. ஊர்ப் பசங்க விடியற்காலையில ரயில் ஏறி பெங்களூர் போய் வேலை செஞ்சுட்டு ராத்திரி திரும்பறாங்க. காத்தடிச்சா சைனைடு மலையில இருந்து தூசி வீட்டுக்குள்ள வருது.

சித்தூர்க்காரங்களே, நமக்கென்னன்னு இருக்காதீங்க. குப்பம் பக்கத்துல சிகரகுண்டா, பிசாநத்தம் தங்கச் சுரங்கமும் இதே கம்பெனிதான், அதே 2001லதான் மூடுச்சு. தங்கம் விக்கற விலையில நாளைக்கு அங்க மறுபடி தோண்டுவாங்க. அப்போ நம்ம ஊர்ப் பசங்களை நிரந்தரமா எடுப்பாங்களா, மேஸ்திரி கீழ தினக்கூலியா எடுப்பாங்களா? தூசிக்கு என்ன பாதுகாப்பு? இந்தக் கேள்விகளை யாராவது கேக்கணும்னா, கேக்கறதுக்குப் பேர்தான் சங்கம். நூறு வருஷம் முன்னாடி ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பிப் போறதா வேண்டாமாங்கறதுதான் விஷயம்.

"ஸ்ட்ரைக்கால எப்பவாவது நல்லது நடந்திருக்கா"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு தேதி சொல்றேன். 1913 அக்டோபர் 14. இங்க சென்கெனித் சுரங்கத்துல வெடி விபத்து, 439 தொழிலாளிங்க செத்தாங்க. பிரிட்டன் வரலாற்றுலேயே மோசமான சுரங்க விபத்து. சரியா அதே வாரம், கடல் தாண்டி தென்னாப்பிரிக்காவுல நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்கள்ல இந்தியக் கூலிகள் ஸ்ட்ரைக் ஆரம்பிச்சாங்க. அவங்கள்ல எத்தனையோ பேர் தமிழங்க. நம்ம வட ஆற்காட்டுல இருந்து கப்பல் ஏறினவங்களும் உண்டு. தலைக்கு மூணு பவுண்டு வரியை எதிர்த்து நடந்த போராட்டம். அதே போராட்டத்துல சிறை போய் வந்து செத்தவதான் தில்லையாடி வள்ளியம்மை. அடுத்த வருஷம், 1914ல, அந்த வரி ஒழிஞ்சுது. காந்திக்கு மாலை போடறோம், சரி. கரியைக் கீழே போட்டுட்டு வெளியே நடந்து வந்த கூலிக்காரனுக்கு?

கடைசியா ஒண்ணு, இது எனக்கே உறைச்சது. நாம எல்லாரும் விசாவுக்காக ஒரு ஆபீஸ்ல போய் பத்து விரலையும் கண்ணாடியில வெச்சு அழுத்தியிருக்கோம். நான் சிரிச்சுக்கிட்டே அழுத்தினேன், வெளியே வந்து ஸ்வீட் வாங்கினேன். தப்புன்னு சொல்லலை, காலம் வேற, நிலைமை வேற. ஆனா என் கொள்ளுத்தாத்தா அதே விரலைக் கொடுக்க மாட்டேன்னு 21 நாள் கஞ்சித் தண்ணி குடிச்சுக்கிட்டுக் கிடந்தார். அந்தப் பிடிவாதம் சேர்த்துக் கொடுத்ததுதான் எங்க குடும்பத்துக்கு வந்த நிரந்தர வேலை, பஞ்சப்படி, பி.எஃப். அந்த பி.எஃப். பணத்துலதான் நைனா படிச்சார். நைனா படிச்சதாலதான் நான் இங்க உக்காந்து லேப்டாப் தட்டறேன். "ஸ்ட்ரைக் என்னத்தைக் கொடுத்துச்சு"ன்னு யாராவது கேட்டா, என்னைக் காட்டுங்க. பொங்கல் விழாவுல ரெண்டாவது தடவை வடை கேட்டு நின்னவன், அவன்தான்.

பிளேனவான்ல 'பிக் பிட்'னு பழைய சுரங்கத்தை மியூசியமா வெச்சிருக்காங்க. பழைய தொழிலாளிங்களே தலையில விளக்கு மாட்டி கீழே கூட்டிட்டுப் போய், "எங்க அப்பா இங்கதான் வேலை செஞ்சார்"னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றாங்க. நம்மள்ல பாதிப் பேர் பசங்களை அங்க கூட்டிட்டுப் போயாச்சு. போட்டோவும் போட்டாச்சு. அதே வரியைச் சொல்ல எங்க நைனாவால திருப்பதியில ஒரு நாள்கூட முடியலை. அந்த வெட்கம் அவரோடது இல்லை. அதை அவர் தலையில ஏத்தி வெச்ச ஊரோடது.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். லீவுக்குப் போறப்போ நாம என்ன பண்றோம்? பெங்களூர்ல இறங்கி, வண்டி பிடிச்சு, கோலார், முளபாகல், பலமநேர், சித்தூர் வழியா திருப்பதி. பசங்களுக்கு மொட்டை, லட்டு, திரும்பி வந்துடறது. அடுத்த தடவை முளபாகல்ல வலது பக்கம் திரும்புங்க. பேத்தமங்கலம் ஏரியைத் தாண்டிப் போனா தங்கவயல். பெருமாள் எங்கேயும் போகமாட்டார், ஒரு அரை நாள் காத்திருப்பார். பசங்களுக்கு அந்த ஷாஃப்டைக் காட்டுங்க. படத்துல வந்த ஹீரோவைப் பத்தி அப்புறம் பேசலாம். சங்கு ஊதியும் வேலைக்குப் போகாத ஜனங்களைப் பத்திச் சொல்லுங்க.

நான் இந்த வருஷம் போறேன். நைனாவையும் கூட்டிட்டுப் போறேன். அண்ணே, நீங்களும் வந்தா வண்டியில இடம் இருக்கு. சண்டையை வழியில வெச்சுக்கலாம்.